வண்டிக்கு நான்கு சக்கரம்

அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் மாமாவின் வேனில் சக்கரங்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. நான்கையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து வேன் தெருமுனையில் மதிலோரமாக நின்றது நின்றபடி நின்றது. அதன் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருடியவன் கொஞ்சம் இரக்கமுள்ளவன் போலிருக்கிறது. வண்டியைத் தரையில் போட்டுவிடாமல் நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி தெரியாமலிருக்க மருந்து தருகிறோம், வீட்டில் இருக்கட்டும் என்று அர்த்தம். டாக்டர் எங்கள் இருவரையும் தனியாக உட்காரவைத்துத்தான் இதைச் சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்றார். மாமா மேசையின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

நாங்கள் சொல்வதற்கு முன்பே அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நேற்றிலிருந்து நர்சுகள் எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள், அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, முதலில் நீ மூக்கைச் சிந்து என்றாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஆம்புலன்ஸ் வேணாம். அதுல ஏத்தினா நான் சரக்கு. நம்ம வண்டியில நான் முதலாளி. வந்தா நம்ம வண்டியிலதான் வருவேன்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அக்காவும் மாமாவும் அந்த வேனை வைத்துக்கொண்டு வீடு மாற்றித் தரும் தொழில் செய்தவர்கள். மாமா ஓட்டுவார், அளப்பார், தூக்குவார். மற்றதெல்லாம் அக்கா. பேரம் பேசுவது அவள், பாத்திரம் பண்டங்களைக் கட்டுவது அவள், கட்டிலைக் கழற்றும்போது காணாமல் போகும் திருகாணிக்காக வீட்டுக்காரனிடம் சண்டை போடுவதும் அவள். எல்லாச் சாமானும் ஏறியபிறகு முன் இருக்கையில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்துவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பும்.

மாமாவுக்கு எங்கள் குடும்பத்தில் 'டேப்' என்று பெயர். அவருடைய சட்டைப்பையில் அளவு நாடா இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட உட்காரும் முன் சமையலறைக் கதவை அளந்து பார்த்துவிட்டு இதன் வழியாக ஃபிரிட்ஜ் உள்ளே போகாது என்றார். அப்போது எங்களிடம் ஃபிரிட்ஜே கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் தூக்கிய ஒரு பீரோகூட மாடிப்படியில் மாட்டிக்கொண்டு நின்றதில்லை.

நான் அவருக்கு நேர்மாறு. பஸ் நிலையத்தில் முன்பதிவு கவுன்ட்டரில் உட்காருபவள். வரிசையில் ஒருத்தர் ஜன்னல் சீட்டா நடு சீட்டா என்று யோசித்துக்கொண்டு நின்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்ட என்னை டேப் மாமாவோடு சக்கரம் வாங்க அனுப்பியது அக்காதான். தனியாக விட்டால் அவர் அளந்துகொண்டே இருப்பார், நீயும் கூடப் போ என்றாள். நான் சிரித்துவிட்டு லீவு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் செங்கல் மேல் நின்ற வேனைச் சுற்றி அவர் குந்திக் குந்தி நகர்ந்ததை நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் இல்லாத இடத்தில் துருப்பிடித்த வட்டமான இரும்பு ஒன்று தெரிந்தது. அதற்குப் பெயர் ஹப் என்றார். அதிலிருந்து ஐந்து திருகாணிகள் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவைதான் ஸ்டட். சக்கரத்தில் இருக்கும் ஐந்து ஓட்டைகளும் இந்த ஐந்தின் மேல் போய் உட்கார வேண்டும், அதற்கு மேல் நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். அவ்வளவுதானே, ஐந்து ஓட்டை உள்ள சக்கரமாகப் பார்த்து வாங்கிவிட்டால் போயிற்று என்றேன். பாவம் இவள் என்பதுபோல மாமா என்னைப் பார்த்தார்.

ஐந்து ஸ்டட்டும் ஒரு வட்டத்தின் மேல் நிற்கின்றனவாம். அந்த வட்டத்தின் குறுக்களவு வண்டிக்கு வண்டி மாறுமாம். நான்கு ஸ்டட், ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டை அளந்தால் கிடைத்துவிடும். ஐந்தில் எதற்கும் எதிர்ப்பக்கம் ஜோடி கிடையாது. அதனால் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே உள்ள தூரத்தை எடுத்து ஒன்று புள்ளி ஏழால் பெருக்க வேண்டும். நாடாவை நம்பாமல் மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் காலிப்பர் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார். இடது பக்கம் வந்த அளவு வலது பக்கமும் வருகிறதா என்று பார்த்தார். ஒரே வண்டியில் எப்படி மாறும் என்று கேட்டேன். முன்பு யாராவது அச்சை மாற்றிப் போட்டிருந்தால் மாறும் என்றார். நூற்றுப் பதினான்கு புள்ளி மூன்று மில்லிமீட்டர். அந்த எண்ணை நான் இனி சாகும்வரை மறக்கமாட்டேன்.

முதலில் போன கடையில் பளபளவென்று அலாய் வீல்கள் சுவர் முழுக்கத் தொங்கின. கடைக்காரன் போனில் பேசிக்கொண்டே ஒன்றை உருட்டிவிட்டான். ஐந்து ஓட்டை. மாமா அதைக் குப்புறப் போட்டு அளந்தார். நூற்றுப் பன்னிரண்டு. கடைக்காரன் போனை இறக்காமலே, இரண்டு மில்லிக்கெல்லாம் பார்க்காதீர்கள், நட்டைப் போட்டு முறுக்கினால் தானாக உட்கார்ந்துவிடும் என்றான். உட்காரும், ஆனால் ஸ்டட் வளையும், வளைந்தது ஓடும்போது முறியும் என்று மாமா பொறுமையாக அவனுக்கு விளக்கினார். அன்று எனக்குக் கோபமே வரவில்லை. ஓடுகிற வண்டியில் அக்கா படுத்திருக்கும்போது சக்கரம் கழன்று முன்னால் உருண்டு போவதை நினைத்துப் பார்த்து, இந்த மனுஷன் அளப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடையில் ஐந்து ஓட்டையும் சரியாக இருந்தன. நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை சின்னது. ஹப்பின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு அதற்குள் நுழையாது. மூன்றாவது கடையில் நடு ஓட்டையும் சரி. ஆனால் நட்டு போய் உட்காரும் குழி பந்து வடிவத்தில் இருந்தது, எங்கள் நட்டு கூம்பு. நட்டை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். மாற்றலாம், ஆனால் அந்த நட்டு எங்கள் ஸ்டட்டின் திருகு மரைக்குச் சேருமா என்று பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். சேரவில்லை.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றைய கதையை அக்காவிடம் ஒப்பிப்போம். மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மரை, கூம்பு, நடு ஓட்டை என்று விவரமாகச் சொல்வார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முதல் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பந்தா, கூம்பா என்று குறுக்குக் கேள்வி கேட்டவள், அப்புறம் படுத்தபடி கேட்டாள். அதற்கப்புறம் தண்ணீர் குடிக்கவே நான் கழுத்துக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அவள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் என் கையில் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. "வண்டி ரெடியா?" என்று மட்டும் கேட்பாள். நாளைக்கு என்பார் மாமா. சரி என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழியில் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாருடைய வண்டியையாவது இரவல் வாங்கி வருவோம், பக்கத்தில் வந்ததும் நம் வண்டிதான் என்று பொய் சொல்லிவிடலாம் என்றேன். உன் அக்கா கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்றார் மாமா. அதுவும் நிஜம்தான். இந்த மனுஷன் சொல்வதெல்லாம் நிஜமாகவே இருந்து தொலைத்தது, அதனால்தான் எனக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

நான்காவது கடை பெரிய சாலையில் இருந்தது. கடைக்காரர் பருத்த ஆள், டயர் அடுக்கின் மேல் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு இரும்பு வீலை உருட்டி வந்தார். அவரே அதைக் குப்புறப் போட்டார், அவரே எங்கள் கண் முன்னால் காலிப்பர் வைத்தார். ஐந்து ஓட்டை, நூற்றுப் பதினான்கு புள்ளி மூன்று. நடு ஓட்டை சரி. கூம்புக் குழி சரி. இதே மாதிரி இன்னும் மூன்று உள்ளே இருப்பதாகச் சொன்னார். எனக்கு உட்கார்ந்து அழலாம் போல ஆகிவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஏற்றிக்கொண்டு போக ஒரு ஆட்டோ பிடிக்கலாம் என்று சாலைப் பக்கம் திரும்பினேன்.

மாமா வீலை நிமிர்த்தி, அதன் உள்பக்கம் பதித்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தார். பிறகு கீழே வைத்தார். இது கார் வீல் என்றார். அளவு ஒன்றுபோல இருந்தாலும் காருக்குச் செய்தது காருக்குத்தான், வேனின் லோடை இது தாங்காது என்றார். கடைக்காரர் ஒத்துக்கொண்டார். முழு லோடு ஏற்றுவதாக இருந்தால் நானே இதைத் தரமாட்டேன், என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார்.

மாமா கீழே கிடந்த வீலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி வந்தேன்.

"என்ன லோடு மாமா?" என்றேன். "சொல்லுங்க, அவர் கேக்கறார்ல. என்ன லோடு ஏத்தப் போறீங்க? பீரோவா, கட்டிலா? அக்கா எவ்வளவு கனம் இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா? நேத்து நான் ஒரு கையால தூக்கி உட்கார வச்சேன். ஒரு கையால."

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே போய் வாசலில் கிடந்த ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்தார். நான் விடவில்லை, பின்னாலேயே போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நான்கு கேள்வி கேட்டேன். ஓடும் தூரம் எவ்வளவு, ஒன்றரை மணி நேரம். ஆள் யார், நாம் மூன்று பேர். அந்த ஒருநாள் ஓட்டத்துக்குக் கார் வீல் போதாதா? அவள் அங்கே நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள், நீங்கள் இங்கே மில்லிமீட்டர் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன். சாலையில் போன ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அவர் நாடாவைக் கொஞ்சம் இழுத்தார். விட்டார். அது உள்ளே சுருண்டுகொண்டது.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே. எல்லாம் நிஜம்தானே," என்றார்.

"நிஜம்தான். யார் இல்லைன்னா?"

"வீல் மாட்டிட்டா அவளைக் கூட்டிட்டு வரணும்."

அதற்குத்தானே மாட்டுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார்.

"அவ அங்க இருக்கற வரைக்கும் ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லிக்கலாம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்றேன். வீட்டுக்கு வந்துட்டா என்னன்னு சொல்றது? வீடு மாத்தறப்ப எல்லா சாமானும் ஏத்தின பிறகு ஒரு தடவை உள்ள போய்ப் பார்ப்பாங்க. ஏதாவது விட்டுப் போச்சான்னு. எப்பவும் அவதான் போவா. நான் ஒரு தடவைகூட போனதில்ல. காலி வீட்டைப் பார்க்க எனக்கு ஆகாது. உனக்குத் தெரியாது அது."

எனக்குத் தெரியாதுதான். இவ்வளவு நாளும் அவருக்கு அளவுப் பைத்தியம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரியான காரணம், அவற்றில் ஒன்றைக்கூட யாரும் தப்பென்று சொல்ல முடியாது. அவற்றையெல்லாம் அடுக்கி அவர் தன் வண்டியைச் செங்கல் மேலேயே நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு அவரை இரண்டு அடி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்த டயரின் மறுபக்கம் உட்கார்ந்தேன். அவருக்கு அவள் மனைவி என்றால் எனக்கு அக்கா. அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிவிட்டவள். பயம் அவருக்கு மட்டுமா என்ன?

"அவ காத்துக்கிட்டு இருக்கா மாமா," என்றேன். "அவளுக்குப் பயமில்ல. நமக்குத்தான்."

மாமா எழுந்தார். பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டார். ஆற்றோரம் உடைசல் வண்டிகள் போடும் இடத்தில் எங்கள் வேன் போலவே ஒன்று கிடக்கிறது, முகப்பு நசுங்கியது, பின்னால் ஒன்றும் ஆகவில்லை, அதன் சக்கரங்கள் அச்சு அசலாகப் பொருந்தும் என்றார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே பார்த்துவிட்டேன் என்றார். 

உடைசல் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த அந்த இடத்தில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. எங்கள் வேனின் இரட்டைப்பிறவி ஒரு மூலையில் மூக்கு நசுங்கி நின்றது. அதன் சக்கரங்களை மாமா தன் கையாலேயே கழற்றினார். ஒரு தடவை அளந்தார், போதும் என்று எழுந்தார். இல்லை, எல்லாவற்றையும் நன்றாக அளந்துகொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். எனக்கே என் குரல் விசித்திரமாகக் கேட்டது. அவர் மறுபடி குந்தி நான்கையும் அளந்தார், சிமென்ட் தரையில் உருட்டிவிட்டுக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார், டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். கோணல் இல்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் குறை தேடவும் இல்லை.

அன்று மாலையே மாட்டிவிட்டோம். தெருவில் இருந்தவர்கள் வந்து ஜாக்கிக்குக் கைகொடுத்தார்கள். ஐந்து நட்டையும் வரிசையாக இறுக்கக் கூடாதாம், ஒன்றை விட்டு ஒன்றாக நட்சத்திரம் போடுவதுபோல இறுக்க வேண்டுமாம், அப்போதுதான் சக்கரம் நேராக உட்காருமாம். ஒவ்வொன்றாகச் செங்கல்லை உருவி எடுத்தபோது வேன் முனகிக்கொண்டே கீழே இறங்கித் தன் காலில் நின்றது. பின்பக்கத்தைக் கூட்டித் துடைத்தேன். கட்டில், கண்ணாடி, டிவி என்று எல்லாவற்றுக்கும் போர்த்திக் கட்டும் தடித்த போர்வைகள் உள்ளே மூலையில் மடித்தபடி இருந்தன. மடித்து வைத்தது அக்கா. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, மேலே வீட்டு மெத்தையைப் போட்டு, நகராமல் இருக்கக் கயிற்றால் இழுத்துக் கட்டினார் மாமா. கட்டி முடித்துவிட்டு அதன் மேல் தானே படுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். அக்கா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேனைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் பார்வை சக்கரத்தில் வந்து நின்றது. எங்கள் பழைய வீல் கறுப்பு, இது வெள்ளை.

"செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. தூக்கிப் படுக்கவைத்த பிறகு, "கண்ணாடிச் சாமான், பத்திரம்னு மேல எழுதி ஒட்டிடுங்க," என்றாள்.

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக் கதவின் தாழ்ப்பாளை நெடுநேரம் சரிபார்த்தார்.

அவளுக்கு முன்னால் உட்கார வேண்டும். முடியாது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கேட்டாள். அதனால் அவள் கால்பக்கத்தை ஓட்டுநர் இருக்கைப் பக்கமாக வைத்துத் தலையை உயர்த்தினோம். சாய்ந்து கண்ணை உயர்த்தினால் மாமாவின் பிடரி தெரியும். முன் இருக்கை காலியாகவே வந்தது. நான் பின்னால் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளிருந்து நானே கதவைச் சாத்தினேன். எவ்வளவு ஓங்கிச் சாத்தியும் அவள் சாத்துகிற மாதிரி சத்தம் வரவில்லை.

மாமா தண்ணீர் நிரம்பிய குடத்தை வைத்துக்கொண்டு போவதுபோல ஓட்டினார். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டினார். புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டும், இது கட்டாயம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு இறங்கினார். எதற்கு நின்றுவிட்டார் என்று அக்கா கேட்டாள். நட்டு இறுக்குகிறார் என்றேன். இறுக்கட்டும், நடுரோட்டில் கழன்று ஓடினால் நம் தொழில் மானம் போய்விடும் என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். நானும் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?" என்றாள் திடீரென்று.

"இல்லையே."

"போட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதாடி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. கொண்டு வந்துட்டார்ல. அது போதும்."

வண்டி மறுபடி கிளம்பியது. வெளியே தெரிவதை அவள் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாலம் வருகிறது, மரக்கடை தாண்டுகிறோம், அந்தப் பெரிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. உம் கொட்டினாள். பிறகு விரலால் என் உள்ளங்கையை அழுத்தினாள். பிறகு அழுத்துவது இலேசாகிவிட்டது. வீட்டுக்கு இன்னும் நான்கைந்து தெருதான் பாக்கி என்ற இடத்தில் மாமா மறுபடி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

இந்தத் தடவை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பெட்ரோல் பங்கில் அவர் இறுக்கிய இறுக்கில் அந்த நட்டுகள் எந்த ஜென்மத்திலும் கழலப் போவதில்லை. இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று முன்னாலிருந்து சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏன் இறங்குகிறார் என்று எனக்குத் தெரியும். வேறு நாளாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். அன்று சும்மா இருந்தேன்.

முன் இடது சக்கரத்தில் ஸ்பானர் மாட்டிய சத்தம் கேட்டது. அக்கா ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். முன்னேயும் அப்படி இடைவெளி விட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாகவே அப்படித்தான். அவர் முதல் சக்கரத்தை முடித்து வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அப்போதும் வரவில்லை. குனிந்து அவள் வாயருகே என் கன்னத்தை வைத்தேன். அவள் கண் பாதி திறந்து, காலியான ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தபடி இருந்தது. அவளை அக்கா என்று கூப்பிட்டேன். சத்தமில்லாமல்தான் கூப்பிட்டேன், ஏனென்று தெரியவில்லை.

வெளியே அவர் ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். ஸ்பானரை அழுத்தும்போதெல்லாம் வண்டி லேசாக அசைந்தது, மெத்தையில் அக்காவும் அசைந்தாள். ஒரு கணம் உயிர் இருக்கிறதோ என்றுகூட நினைத்துவிட்டேன். கதவைத் தட்டி அவரைக் கூப்பிட வேண்டும் என்று கை போனது. அவளுடைய கையிலிருந்து என் கையை எடுக்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அது நிஜமில்லை. அவர் அந்த வேலையை முடிக்கட்டும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு சக்கரம் இருந்தது. அதுவரைக்கும் அவருக்கு அவள் இருந்தாள்.

பின்பக்கச் சக்கரம் என் முதுகுக்கு நேராக, தகரத்துக்கு அந்தப் பக்கம். அவர் குந்தும்போது முட்டி சொடுக்குவதுகூடக் கேட்டது. ஒன்றை விட்டு ஒன்று, ஒன்றை விட்டு ஒன்று. கடைசி நட்டுக்கு வந்ததும் ஸ்பானரை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, தகரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா. வீடு வந்துடுச்சு," என்றார்.

அவள் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார். அக்கா எப்படி உம் கொட்டுவாளோ அப்படியே நான் கொட்டினேன்.